சோபாவில் உட்கார்ந்து சொறியக் கூடாது

பழைய சாமான் தெருவில் சோபா அக்காவைப் போல உட்காரத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. உட்காருவதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் அந்தத் தெருவில் எதையும் விற்றுப் பார்க்காதவர்கள். மேலே புதுத் துணி, உள்ளே ஸ்பிரிங் தாறுமாறு, சாய்ந்தால் முதுகுத்தண்டில் எதுவோ குத்துகிறது. அப்பேர்ப்பட்ட சோபாவில் போய் உட்கார்ந்து, காலை நீட்டி, கண்ணைப் பாதி மூடி, "அப்பாடா" என்று ஒரு மூச்சு விட வேண்டும். மூச்சு ஒரு நூல் நீண்டால் நாடகம் ஆகிவிடும். ஒரு நூல் குறைந்தால் வியாபாரம் போய்விடும்.

கடைக்கு ஒரு குடும்பம் வரும். சோபாவை உள்ளங்கையால் அமுக்கிப் பார்ப்பார்கள். புருஷன் பெண்டாட்டியைப் பார்ப்பான், பெண்டாட்டி கூரையைப் பார்ப்பாள். "சரி, பார்த்துட்டுச் சொல்றோம்" என்பார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் முதலாளி கல்லாப்பெட்டியை மூடிவிடுவார். அக்காவுக்கு அதுதான் மணி அடித்த மாதிரி. பீரோ வரிசைக்குப் பின்னாலிருந்து யாரோ ஒரு வாடிக்கைக்காரி போலக் கிளம்பி வந்து, வேறெதையும் பார்க்காமல் நேராக அந்தச் சோபாவில் உட்கார்ந்துவிடுவாள்.

"என்னங்க, இங்க வாங்களேன். நம்ம வீட்டுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

"விலையைக் கேட்டியா? முதல்ல எழுந்திரு."

"எழுந்திருக்க மாட்டேன். ஆளை விட்டுத் தூக்கச் சொல்லுங்க, என்னையும் சேர்த்து."

'என்னங்க' என்று அவள் கூப்பிடுகிறவன் முதலாளி வைத்த ஆள். தெருவில் அவனுக்குப் பெயர் வாடகைப் புருஷன். அக்காவைவிட வயதில் இளையவன். கடைக்குள் "ஏய், வாடி போகலாம்" என்று அதட்டுவான், வாசற்படி தாண்டியதும் "அக்கா, டீ குடிப்பமா?" என்பான். இருவரும் பேரம் பேசிச் சண்டை போட்டு, "பணத்தோட வர்றோம், அதுக்குள்ள யாருக்காவது குடுத்தீங்க, நடக்கறதே வேற" என்று மிரட்டிவிட்டுப் போவார்கள். முனை டீக்கடை போய்ச் சேருவதற்குள் இங்கே அந்தக் குடும்பம் முன்பணம் கட்டியிருக்கும். அவளுடைய நிஜப் புருஷன் அந்த நேரத்தில் அதே கடையின் பின்கட்டில், செத்த மரத்துக்கெல்லாம் வார்னிஷ் அடித்து உயிர் கொடுத்துக்கொண்டிருப்பான்.

இதற்குத் தெருவில் 'ஒத்துக்கு உட்காருறது' என்று பெயர். அந்தத் தொழிலில் சட்டம் ஒன்றே ஒன்று. சொறியக் கூடாது. கொசு கடிக்கட்டும், வேர்க்குரு எரியட்டும், ஒத்துக்கு உட்கார்ந்தவள் சோபாவில் கையைத் தூக்கிச் சொறிந்தாளானால் தீர்ந்தது. மூட்டைப்பூச்சி என்ற சொல்லையே அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, 'அது' என்பார்கள். அக்காவுக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவள், ஒரு கோடை மத்தியானம் தன்னை மறந்து பிடரியைச் சொறிந்துவிட்டாள். சோபாவை அமுக்கிக்கொண்டிருந்த குடும்பம் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தது. பக்கத்துக் கடையில் இருந்தவர்களும் நடந்தார்கள். அந்தக் கோடை முழுக்கத் தெருவில் ஒரு மெத்தைகூட நகரவில்லை. அவள் இப்போது பஸ் நிலையத்தில் தண்ணீர் பாட்டில் விற்கிறாள். யாரும் அவளிடம் வாங்குவதில்லை என்று கேள்வி.

அப்படி வாயையும் கையையும் கட்டிச் சம்பாதித்த அக்காவுக்கு ஒரே பெண். அந்தப் பெண் கல்லூரியில் படித்தாள். தெருவில் கல்லூரி வரைக்கும் போன முதல் தலை. பீரோ விற்க வந்தவர்களிடமும் வாங்க வந்தவர்களிடமும் அக்கா அதைச் சொல்லாமல் விட்டதில்லை.

அந்த மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், அக்கா வேகவைத்த முட்டையின் தோலை உரித்துக்கொண்டிருந்தபோது மகள் சொன்னாள்.

"அம்மா, நான் காலேஜை விட்டு நின்னுடறேன்."

முட்டை கையில் இருந்து நழுவித் தட்டில் உருண்டது. அக்கா அதைப் பிடிக்கவில்லை.

"நிக்கறியா? எதுக்கு நிக்கறே? எவனாவது ஏதாவது சொன்னானா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. அதுதான் விஷயம். அங்க யாரும் எதுவும் சொல்லித் தர்றதில்ல."

"ரெண்டு வருஷமா தெரியாதது இப்பத் தெரிஞ்சுதா? தெருவுல என் மூஞ்சிய எங்கடீ வச்சுக்கறது?"

"இருக்கற இடத்துலயே வச்சுக்க" என்றான் நிஜப் புருஷன், மூலையில் கைவிரல் வார்னிஷைத் துணியில் துடைத்துக்கொண்டே. எத்தனை துடைத்தாலும் போகாத வாடை அது. ரொட்டியும் அதே வாடையோடுதான் அவன் வாய்க்குள் போகும். "முதல்ல புள்ள சொல்றதக் கேளு. நீ கடையில பேசற மாதிரி வீட்டுலயும் நீயே கேள்வி, நீயே பதில்னு பேசாத."

மகள் சொன்னாள். அவர்கள் கல்லூரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பாதியில் ஓடாமல் கடைசிவரை இருக்கிறார்கள், இருந்தவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று பார்க்கிற ஆராய்ச்சி. முதலாவதற்கு நிலைத்திருத்தல் என்று பெயர், இரண்டாவதற்குக் கற்றல் விளைவு. ஏழை வீட்டுப் பிள்ளைகளாகப் பார்த்து அதில் பெயர் எழுதியிருக்கிறார்கள். மகள் பெயரும் உண்டு.

"நிலைத்திருத்தல்னா என்னடீ?"

"போகாம இருக்கறது."

"எங்க கடையில தண்ணி பட்டு வீங்கின பீரோ ஒண்ணு ரொம்ப வருஷமா போகாம இருக்கு. அதுக்கும் ஆராய்ச்சி பண்ணுவாங்களா?"

"சிரிக்காதம்மா. பாதிப் பேரு வர்றதை நிறுத்திட்டாங்க. ஆனா யாரும் போகல."

"அது எப்படி?"

"பேரு போகல. எண்ணற அன்னிக்கு மட்டும் வருவாங்க. வந்தா சாப்பாடு, பஸ் காசு. அவங்களைப் போன் போட்டுக் கூப்பிடறதுதான் என் வேலை. அதுக்குத் தோழமை வழிகாட்டின்னு ஒரு பேட்ஜ் குடுத்திருக்காங்க."

"சரி, இருக்கறவங்க கத்துக்கறாங்கல்ல?"

மகள் முட்டையை எடுத்துத் தட்டின் நடுவில் வைத்தாள். "சேர்ந்த வாரம் ஒரு பரீட்சை வச்சாங்கம்மா. 'இதுக்கு மார்க் கிடையாது, முடிச்சவங்க முடிச்ச உடனே வீட்டுக்குப் போகலாம்'னாங்க. வெளிய மழை கட்டிக்கிட்டு வந்துச்சு. எல்லாரும் கண்ணை மூடி டிக் போட்டுட்டு பஸ்ஸுக்கு ஓடினோம். இப்ப மறுபடி அதே பரீட்சை, அதே கேள்வி. ஒரு மாசமா வேற பாடமே கிடையாது, அதுக்கு விடை மட்டும் சொல்லிச் சொல்லி வச்சாங்க. எல்லாரும் நிறைய மார்க். முதல் மார்க்குக்கும் ரெண்டாவது மார்க்குக்கும் நடுவுல இருக்கறதுதான் நாங்க கத்துக்கிட்டதாம்."

அக்கா சிரித்தேவிட்டாள். தொழில் தெரிந்தவளுக்கு இன்னொருவன் தொழில் புரிந்தபோது வருகிற சிரிப்பு. விலையை முதல்நாள் ராத்திரி ஏற்றி எழுதி, காலையில் அடித்துப்போட்டுத் தள்ளுபடி காட்டுவது அவர்கள் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். இவர்கள் அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். முதலில் குழி தோண்டி, பிறகு தரையை மேடு என்று காட்டுகிறார்கள்.

சிரித்து முடித்த பிறகுதான், அந்தக் குழிக்குள் நிற்பது தன் பெண் என்று உறைத்தது.

"ரத்தப் பரிசோதனைக் கூடத்துல பயிற்சிக்குத் தேர்வு எழுதினேன். கிடைச்சிருக்கு" என்றாள் மகள். "திங்கக்கிழமை சேரணும். காலேஜ்ல இருந்து விடுவிச்சதுக்குக் கடிதம் வேணும். இல்லேன்னா என் இடம் அடுத்த ஆளுக்கு. ஆய்வு பண்ற சார்கிட்டக் கேட்டேன். ஆராய்ச்சி முடியறவரைக்கும் விட முடியாதாம். நான் போனா அவர் கணக்குல ஓட்டை விழுமாம்."

"உன்னை ஒருத்தியை விட்டா குறைஞ்சா போயிடும்?"

"என்னை விட்டா மத்தவங்களை யாரு போன் போட்டுக் கூப்பிடுவா?" மகள் எழுந்து கை கழுவப் போனாள். குழாயடியில் இருந்து திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "நீ சோபாவில உட்காருறியே, அதைத்தாம்மா நான் அங்க பண்றேன். உனக்காவது கூலி குடுக்கறாங்க."

நிஜப் புருஷன் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தினான். அக்கா, தட்டின் நடுவில் இருந்த முட்டையை எடுத்துக் கடித்தாள். வெறும் வார்னிஷாக இருந்தது.

மறுநாள் முதலாளியிடம் பல்வலி என்று சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போனாள். ஆய்வாளர் அறையில் சுவர் முழுக்கக் கோடு போட்ட படங்கள். எல்லாக் கோடும் இடது மூலையில் படுத்து, வலது மூலையில் எழுந்து நின்றன. அவள் நாற்காலியில் உட்கார்ந்த உடனேயே அதன் ஸ்பாஞ்ச் செத்துப்போனது தெரிந்தது. ஆய்வாளர் நாற்காலி நல்ல நாற்காலி.

"அம்மா, நீங்க வந்தது சந்தோஷம். பெற்றோர் ஈடுபாடுங்கறது நிலைத்திருத்தலுக்கு முக்கியமான காரணி" என்றார் அவர். மழமழ முகம், கழுத்தில் அடையாள அட்டை, பேசும்போது இரண்டு கையாலும் காற்றில் ஒரு பெட்டி செய்து காட்டுகிற பழக்கம்.

"சார், நான் அதுக்கு வரல. புள்ளைய விட்டுடுங்க."

"விடறதா? நாங்க யாரையும் விடறதில்ல. அதுதான் எங்க பெருமை."

"அவளுக்கு வேற இடத்துல நல்ல படிப்பு கிடைச்சிருக்கு சார்."

"உங்களுக்கு அது படிப்பு. கணக்குல அது இடைவிலகல்." காற்றில் ஒரு பெட்டி செய்து அதன் மூடியைத் திறந்து காட்டினார். "ஒருத்தர் போனா, ஏன் போனார்னு நான் எழுதணும். எழுதினா படிப்பாங்க. படிச்சா கேட்பாங்க."

அக்கா மேஜையைப் பார்த்தாள். பேரம் இன்னும் உடையவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கொடுக்க மாட்டேன் என்கிறவன் எழுந்துவிடுவான். இவர் உட்கார்ந்திருந்தார்.

"சார், சுத்தி வளைக்காம சொல்லுங்க. நான் என்ன செஞ்சா நீங்க கடிதம் குடுப்பீங்க?"

ஆய்வாளர் முகத்தில் முதல்முறையாக மரியாதை வந்தது.

"வெள்ளிக்கிழமை வெளியில இருந்து ஒரு மேடம் வர்றாங்க. இந்த ஆராய்ச்சிக்கு உதவி தர்றவங்க சார்பா மதிப்பிட்டுப் பார்க்க. பெற்றோர் சிலரைப் பேசச் சொல்லியிருக்காங்க. நீங்க பேசுங்க. உங்க பொண்ணு எப்படி விடாம படிச்சா, வீட்டுல என்ன மாற்றம், அந்த மாதிரி. நல்லாப் பேசினீங்கன்னா, அவங்க கார் கிளம்பின கையோட நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன்."

"பொய் சொல்லணும்."

"சே, பொய்யெல்லாம் வேண்டாம். நல்லதை மட்டும் சொன்னாப் போதும்."

முதலாளியும் இதே வாக்கியத்தைத்தான் அவளை வேலைக்கு வைத்த அன்று சொன்னார். சொல்லுக்குச் சொல் அதே. அக்கா எழுந்து, செத்த நாற்காலியை மேஜைக்குள் தள்ளிவிட்டு, "வெள்ளிக்கிழமை வர்றேன் சார்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மழை. கல்லூரி மண்டபத்தில் ஈரக் குடையும் ஈரத் துணியும் வெங்காய சாண்ட்விச்சும் கலந்து ஒரு வாடை. போன் போட்டு வரவழைத்த பிள்ளைகள் பின் வரிசைகளில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்து முகர்ந்துகொண்டிருந்தார்கள். மகள் பேட்ஜ் குத்திக்கொண்டு வரிசை வரிசையாகத் தலை எண்ணினாள். அவள் தன் தாயைப் பார்த்தாள், தெரியாதவள் போல அடுத்த வரிசைக்குப் போனாள்.

மேடையில் விருந்தினருக்கென்று ஒரு சோபா. அதைப் பார்த்ததும் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் கடைச் சோபா. இடது கைப்பிடியில் தன் புருஷன் பூசி மறைத்த விரிசல்கூட அவளுக்குத் தெரிந்தது. வாடகைக்கு எடுத்து வந்திருக்கிறார்கள்.

பெற்றோர் வரிசையில் அவளுக்கு இடம் காட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் சவரம் செய்த முகமும் இரவல் கோட்டுமாக ஒருவன்.

"அக்கா..." என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு. "இன்னிக்கும் பல்வலின்னு சொன்னியே?"

வாடகைப் புருஷன்.

"நீ எங்கடா இங்க? உனக்குக் கல்யாணமே ஆகலையே!"

"மெதுவாப் பேசுக்கா. சோபாவை இறக்க வந்தேன். 'நீங்க பார்க்கறதுக்கு ஒரு அப்பா மாதிரி இருக்கீங்க'ன்னாரு அந்தச் சார். ஒரு பையன் ஓடிப்போயிட்டானாம், அவன் அப்பன் வர மாட்டேன்னுட்டானாம். ஒரு மணி நேரம்தான், கோட்டும் குடுத்தாரு. என் பையன் பேரு என்னன்னு கையில எழுதி வச்சிருக்கேன் பாரு."

"ஓடிப்போனவனுக்கு அப்பனாடா நீ?"

"ஓடல அக்கா. நிலைச்சிருக்கானாம். அப்படித்தான் சொல்லணும்னாரு."

மேடம் வந்தாள். நரைத்த குட்டை முடி, நல்ல காலணி, மழையில் நனையாத ஒரு பை. மேடையில் அந்தச் சோபாவில் உட்கார்ந்து, உள்ளங்கையால் ஒரு தரம் அமுக்கிப் பார்த்தாள். எல்லாரும் செய்வதுதான். ஆய்வாளர் திரையில் கோடுகளைக் காட்டினார். கோடுகள் எழுந்து நின்றன. மேடம் பேனாவை உதட்டில் தட்டிக்கொண்டே சொன்னாள்.

"எண்ணிக்கை நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் அதிகமாவே நல்லா இருக்கு." சிரித்தாள். "சரி, பார்த்துட்டுச் சொல்றோம்."

ஆய்வாளர் முகம் வெளிறியது. அக்காவுக்கு அதற்கப்புறம் என்ன நடந்தது என்று யோசிக்க நேரமில்லை. அந்தச் சொல் காதில் விழுந்ததுதான் தெரியும், கால் தானாக எழுந்துவிட்டது. படியேறிப் போய், மேடத்துக்குப் பக்கத்தில், சோபாவில், உட்கார்ந்தேவிட்டாள். "அப்பாடா" என்று மூச்சும் வந்தது.

"மேடம், நான் ஒரு பொண்ணோட அம்மா. எங்க வீட்டுல எழுதத் தெரிஞ்ச கையே கிடையாது. எம்பொண்ணு இங்க வந்து ஒரு நாள் லீவு போட்டதில்ல. நடுராத்திரி எழுந்து பார்த்தா புத்தகம். அவளால எங்க வீடே மாறிப்போச்சு மேடம். என் தங்கச்சி பொண்ணுக்கும் இங்கதான் இடம் வேணும்னு இன்னிக்குக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

கீழே இருந்து இரவல் கோட்டு எழுந்தது. அவனுக்கும் பழக்கம்.

"ஹலோ, இடத்தை நான் முதல்ல கேட்டிருக்கேன். என் ரெண்டாவது பையனுக்கு."

"நீங்க யாரு சார்? நான் உட்கார்ந்திருக்கேன்ல?"

"உட்கார்ந்துட்டா உங்களுதா? எழுந்திருங்க முதல்ல!"

"எழுந்திருக்க மாட்டேன். என்னையும் சேர்த்துத் தூக்கச் சொல்லுங்க!"

மண்டபம் சிரித்தது. கைதட்டியது. மேடம் கைக்குட்டையால் கண்ணோரத்தைத் தொட்டுக்கொண்டாள். பேனா உதட்டிலிருந்து இறங்கித் தாளுக்குப் போனது.

"ஒரு பெற்றோர் இடத்துக்காகச் சண்டை போடறதை நான் எந்த அறிக்கையிலயும் படிச்சதில்ல" என்றாள் மேடம் ஆய்வாளரிடம். "இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிக்கச் சொல்லி எழுதறேன். ஆனா ஒண்ணு. இதே பிள்ளைங்களைத்தான் தொடர்ந்து பார்க்கணும். ஒருத்தர்கூட விட்டுப்போகக் கூடாது. முக்கியமா," அக்காவின் கையைப் பிடித்தாள், "இந்த அம்மாவோட பொண்ணு."

ஆய்வாளர் மைக்கை மூடிக்கொண்டு குனிந்து அக்கா காதில் சொன்னார். "பிரமாதம்மா. ஆனா மேடம் சொன்னதை நீங்களே கேட்டீங்கல்ல, இனிமே நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?" முகமெல்லாம் சந்தோஷம். ஏமாற்றியதாகக்கூட அவருக்குத் தோன்றவில்லை. காற்றில் ஒரு பெட்டி செய்து மூடினார்.

அக்கா மண்டபத்தைப் பார்த்தாள். மகள் பின்சுவரில் சாய்ந்து நின்றாள். கோபமில்லை, அழுகையில்லை. உதடு லேசாக ஒரு பக்கம் இழுத்திருந்தது. டப்பா மூடியைத் திறந்து உள்ளே அழுகிப்போன பழத்தைப் பார்த்தவர்கள் முகம் அப்படி இருக்கும். அந்த முகம் ஆய்வாளரைப் பார்க்கவில்லை. தாயைப் பார்த்தது.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ சோபா விற்றிருக்கிறாள். சொந்தப் பிள்ளையைச் சேர்த்து விற்றது இன்றைக்குத்தான். அதுவும் கூலி இல்லாமல், கைதட்டலுக்கு.

அவள் கை மெல்ல எழுந்தது. பிடரிக்குப் போனது. சொறிந்தாள்.

கீழே வாடகைப் புருஷன் அதைப் பார்த்துவிட்டான். "அக்கா!" என்றான் வாய் திறந்து, மனைவி வேஷமா அம்மா வேஷமா என்பதெல்லாம் மறந்து. "அக்கா, வேணாம்!"

அவள் முழங்கையைச் சொறிந்தாள். தோளைச் சொறிந்தாள். சோபாவின் தையல் ஓரத்தை விரலால் விலக்கிக் குனிந்து பார்த்தாள். மறுபடி சொறிந்தாள், நகம் தோலில் கேட்கிற மாதிரி.

"என்னம்மா ஆச்சு?" என்றாள் மேடம். பிடித்திருந்த கையை விட்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லீங்க மேடம்."

ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொறிவதைவிட மோசமாகச் சொறிய வழியில்லை. மேடம் பையைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். முன் வரிசையில் ஒருவர் காதைச் சொறிந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் கணுக்காலை.

"இது எங்க கடைச் சோபா மேடம்" என்றாள் அக்கா, சொறிந்துகொண்டே. "துணி மட்டும்தான் புதுசு. அங்க கோட்டு போட்டு நிக்கறானே, அவன் எனக்குக் கடையில புருஷன். அவனுக்குப் புள்ளையே கிடையாது. நான் இப்பப் பேசினது எல்லாம் தெனம் பேசறது. எம்பொண்ணு நடுராத்திரி தூங்குவா, புத்தகமெல்லாம் கிடையாது. நம்பலேன்னா அந்தப் பரீட்சையில ஒரு கணக்கை எடுத்து, எண்ணை மட்டும் மாத்திக் கேட்டுப் பாருங்க."

"அம்மா, இது நிகழ்ச்சியில இல்ல" என்றார் ஆய்வாளர்.

மேடம் கோப்பிலிருந்த பரீட்சைத் தாளைப் புரட்டினாள். எழுந்து நின்றுகொண்டுதான் புரட்டினாள். ஒரு கேள்வியை எடுத்து, எண்ணை மாற்றி, பின்சுவரில் நின்ற பேட்ஜ்காரியிடம் கேட்டாள்.

மண்டபம் முழுக்க மகளைத் திரும்பிப் பார்த்தது. அவள் சுவரிலிருந்து முதுகை எடுத்தாள்.

"பழைய எண்ணுன்னா மூணாவது கட்டம் மேடம். எண் மாறினா எனக்குத் தெரியாது."

"எப்படிப் போடறதுன்னு யோசிச்சுப் பாருங்க."

"போட யாரும் சொல்லித் தரல மேடம். மூணாவது கட்டம்னுதான் சொல்லித் தந்தாங்க."

பின் வரிசையில் யாரோ ஒரு பையன் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தான். கூரையில் மழை.

அக்கா காத்திருந்தாள். வாங்க வந்தவர்கள் சோபாவைத் தொட்ட கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நடப்பார்கள், தெருவே காலியாகும் என்று பார்த்தாள். மேடம் நடக்கவில்லை. மேடை ஓரத்தில் ஆய்வாளரோடு நின்று, தன் மணிக்கட்டை லேசாகச் சொறிந்துகொண்டே, ரொம்பத் தணிவாகப் பேசினாள். அக்காவுக்கு எல்லாம் கேட்டது.

"ஒருத்தரோட தரவு கெட்டுப்போச்சுன்னா அவங்களை எடுத்துட்டுக் கணக்குப் பார்க்கறதுதான் முறை."

"ஆமா மேடம். அதுக்கு வழிமுறை இருக்கு."

"அப்ப இந்தப் பொண்ணை எடுத்துடுங்க. மத்தவங்க போதும். மத்தவங்க எண்ணிக்கை திருப்தியா இருக்கு."

"அந்த அப்பா, மேடம்? கோட்டு?"

"எந்த அப்பா?" என்றாள் மேடம்.

ஆய்வாளர் காற்றில் பெட்டி செய்யவில்லை. நின்றபடியே கடிதத்தில் கையெழுத்துப் போட்டார், அக்காவிடம் கொடுக்காமல் சோபாவின் கைப்பிடி மேல் வைத்துவிட்டு நகர்ந்தார். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்கிற மாதிரி.

வெளியே தாழ்வாரத்தில் வாடகைப் புருஷன் கோட்டைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"ஒத்துக்காரி சொறியலாமா? நீயே சொல்லு. சொறியலாமா?"

"சொறிஞ்சுட்டேன்டா."

"சோபாவைத் திரும்பத் தூக்கிட்டுப் போறப்ப ஒருத்தன்கூடக் கை வைக்க மாட்டேங்கறான். முதலாளிக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும். நாளைக்குக் கடைப்பக்கம் வந்துடாதக்கா. தெருப்பக்கமே வந்துடாத." கொஞ்ச தூரம் போய்த் திரும்பினான். கோபம் பாதி இறங்கியிருந்தது. "என்னை அடுத்த மாசமும் வரச் சொல்லியிருக்காங்க. பையன் நல்லாப் படிக்கறானாம்."

பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி. மகள் கடிதத்தை மடியில் வைத்து, நனையாமல் இரண்டு கையாலும் மூடியிருந்தாள். பேட்ஜை எப்போது கழற்றினாள் என்று தெரியவில்லை, சட்டையில் ஊசி குத்திய ஓட்டை மட்டும் இருந்தது. அக்கா பிடரியைச் சொறிந்தாள், கையை இறக்கினாள், மறுபடி சொறிந்தாள்.

"அம்மா."

"ம்."

"மேடையில உனக்கு நிஜமாவே அரிச்சுதா?"

"அந்தச் சோபாவில ஒண்ணும் இல்லடீ. உங்கப்பா மருந்து அடிச்சுத்தான் வெளிய அனுப்புவாரு. அங்க அரிக்கல."

"பின்ன இப்ப என்ன சொறியறே?"

"'மத்தவங்க போதும்'னு அந்த மேடம் சொன்னா பாரு" என்றாள் அக்கா. "அப்பப் பிடிச்சுது. விடவே மாட்டேங்குது."

முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு, வேறு இடம் பார்த்துப் போய் உட்கார்ந்தார். மகள் தாயின் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, தானே தன் நகத்தால் அந்தப் பிடரியைச் சொறிய ஆரம்பித்தாள்.